300பி வால்வா, டிரான்சிஸ்டரா: டிஸ்டார்ஷனைத் தேடிப்போய் வாங்கிய கதை

பத்து வருடம் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில்தான் பாட்டுக் கேட்டேன். போன வருடம் 300பி வால்வு (பழைய ரேடியோக்களில் இருந்த மாதிரி கண்ணாடிக் குழாய்) போட்ட, அலை முழுவதையும் ஒரே வால்வு பெருக்கும் சிங்கிள் எண்டட் ஆம்ப் ஒன்று வாங்கினேன். இப்போது இரண்டும் வீட்டில் இருக்கின்றன, ராத்திரியில் கை போவது வால்வுக்குத்தான். விலை, சூடு, கரண்டு பில் எல்லாவற்றிலும் டிரான்சிஸ்டருக்கே ஜெயம், அதில் பேச ஒன்றுமில்லை. டிஸ்டார்ஷனும், அதாவது உள்ளே போன ஒலியில் இல்லாமல் ஆம்ப் தானாகச் சேர்க்கும் கலப்பும், அதில் 0.01 சதவீதத்துக்குக் கீழே. 300பி-யிலோ முழுத் திறனான 8 வாட்டில் 3 சதவீதத்தைத் தாண்டுகிறது.

சரி, அந்த 3 சதவீதத்துக்குள் என்ன இருக்கிறது? பெரும்பங்கு இரண்டாம் ஹார்மோனிக், மூல அதிர்வெண்ணின் இரண்டு மடங்கில் வரும் ஒலி. 440 ஹெர்ட்ஸ் உள்ளே போனால் கூடவே லேசாக 880-ம் வருகிறது, அதாவது அதே ஸ்வரம், ஒரு ஸ்தாயி மேலே. ஸட்ஜத்தோடு மேல் ஸட்ஜம் சேர்ந்தால் காது ஏன் முகம் சுளிக்கப் போகிறது, குரல் கொஞ்சம் நிறைவாகக் கேட்கும், அவ்வளவுதான். தம்புராவில் தந்திக்கு அடியில் ஜீவாளி நூலை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி மேல் ஹார்மோனிக்ஸை நாமே வரவழைக்கிறோம். நூல் சரியான இடத்தில் உட்கார்ந்ததும் தந்தி ரீங்கரிக்கிற அந்த சுகம்தான் இதிலும். ஏழாவது, பதினொன்றாவது ஹார்மோனிக் அப்படியில்லை, எந்த ஸ்வரத்தோடும் ஒட்டாது, துளி இருந்தாலும் உறுத்தும். டிரான்சிஸ்டர் ஆம்ப் திறனைத் தாண்டும்போது அலையின் தலையைச் சட்டென்று வெட்டுவதால் கிளம்புவது இந்த வகைதான். 300பி தலையை மெல்ல வளைக்கிறது. சத்தத்தைக் குறைக்கக் குறைக்க அதன் டிஸ்டார்ஷனும் குறைந்துகொண்டே வருகிறது.

ஆனால் ஒற்றை வீணைக்குப் பொருந்துவது பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்குப் பொருந்தாது. வாத்தியங்கள் பெருகினால் ஒவ்வொரு ஒலியும் மற்றதோடு கூடியும் கழிந்தும் சம்பந்தமில்லாத ஒலிகளைக் கிளப்பிவிடும், எல்லாம் கலங்கிப் போகும். அதற்கு இன்றும் டிரான்சிஸ்டரைத்தான் போடுகிறேன்.

வாங்குவதற்கு முன் ஸ்பீக்கரைப் பாருங்கள். என் பழைய ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு 86 டெசிபல் சத்தம்தான் தரும், 8 வாட்டில் மூச்சுத் திணறியது. 95 டெசிபல் ஸ்பீக்கர் மாற்றினேன். அந்த 9 டெசிபல் வித்தியாசம் எட்டு மடங்கு வாட்டுக்குச் சமம். அப்புறம், இந்த வால்வு ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் (வெளியீட்டில் உள்ள மின்தடை) அதிகம் என்பதால் ஸ்பீக்கரைப் பொறுத்து பாஸும் டிரெபிளும் கூடிக் குறையும். எனக்குப் பிடித்ததில் அதன் பங்கு எவ்வளவு, ஹார்மோனிக்ஸின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்டுப் பார்த்ததில்லை. வால்வு மாற்றும் செலவும் எனக்கு இன்னும் வரவில்லை.