பால்டிமோரில் கப்பல் ஏறலாமா? அப்பா அம்மாவோடு போகிறவர்களுக்காக

மேரிலாந்து, வடக்கு வர்ஜீனியா பக்கம் இருக்கும் நம்மவர்கள் பலருக்கு பால்டிமோரிலிருந்தே க்ரூஸ் கப்பல் கிளம்புகிறது என்பது தெரியவில்லை. க்ரூஸ் என்றால் மயாமி, இல்லாவிட்டால் ஆர்லாண்டோ பக்கத்தில் இருக்கும் போர்ட் கனாவரல் என்று மனதில் பதிந்துபோயிருக்கிறது. லான்ஹாம் முருகன் கோயிலில் பார்த்த ஒரு குடும்பம், பெற்றோரைக் கூட்டிக்கொண்டு ஃப்ளோரிடாவுக்குப் பறந்து, அங்கே ஓர் இரவு ஹோட்டலில் தங்கி, மறுநாள் கப்பல் ஏறப்போவதாகச் சொன்னார்கள். அவர்கள் வீட்டிலிருந்து பால்டிமோர் துறைமுகம் முக்கால் மணி நேரம்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்த கோடையில் நாங்கள் பால்டிமோரில் ஏறி பெர்முடா தீவுக்குப் போய்வந்தோம். திருச்சியிலிருந்து இங்கே வந்து சேருவதற்குள்ளேயே அம்மாவின் முழங்கால் வீங்கிவிட்டது, "இன்னொரு ஃப்ளைட்டுன்னா என்னை விட்டுடு, நான் வீட்டிலேயே இருக்கேன்" என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டார். அந்த ஒரு வாக்கியம்தான் துறைமுகத்தை முடிவு செய்தது. எந்தக் கப்பல், அதில் எத்தனை நீச்சல்குளம் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் துறைமுகம். ஐ-95 நெடுஞ்சாலையில் 55ஆம் எக்ஸிட்டில் இறங்கினால் மெக்காமஸ் தெருவில் முனையம். முன்பு சரக்குக் கிடங்காக இருந்த கட்டடத்தை மாற்றி 2006இல் திறந்தார்கள். பார்க்க இன்னமும் கிடங்கு மாதிரிதான் இருக்கும், கண்ணாடி மாளிகையை எதிர்பார்த்துப் போகவேண்டாம். ஆனால் எல்லாம் ஒரே தளத்தில், பக்கத்துப் பக்கத்தில். வாசலில் காரை நிறுத்திப் பெரியவர்களையும் பெட்டிகளையும் இறக்கினோம், போர்ட்டர் பெட்டிகளை வாங்கிக்கொண்டார், என் கணவர் வண்டியை எதிரிலேயே இருக்கும் பார்க்கிங்கில் போட்டுவிட்டு நடந்தே வந்துவிட்டார். ஷட்டில் பஸ் எதுவும் இல்லை. நாங்கள் போனபோது பார்க்கிங் நாளுக்கு 15 டாலர். மயாமியில் ஒரே நாளில் பல கப்பல்கள் ஆட்களை ஏற்றும், இங்கே பெரும்பாலும் ஒரு நாளைக்கு ஒரு கப்பல்தான். அதனால் கூட்டம் என்று ஒன்று இருந்தாலும் அது நம் கப்பலின் கூட்டம் மட்டும்தான். செக்யூரிட்டி, பாஸ்போர்ட் சரிபார்ப்பு, எல்லாம் முடிந்து அம்மா கப்பலுக்குள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபோது அவருக்கு மதிய மாத்திரை நேரம்கூட ஆகவில்லை.

சாப்பாட்டுக் கடை எதுவும் முனையத்தின் பக்கத்தில் கிடையாது, அதனால் வீட்டில் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். ரயிலில் வந்து இறங்கி நடந்து போகும் தூரமும் இல்லை. கார் அல்லது ஊபர், அவ்வளவுதான்.

இந்தத் துறைமுகத்துக்கு ஏன் பெரிய கப்பல் வருவதில்லை என்று பலர் கேட்கிறார்கள். காரணம் பாலம். பால்டிமோரிலிருந்து கடலுக்குப் போக செசபீக் விரிகுடா வழியாகத் தெற்கே வெகுதூரம் இறங்கவேண்டும், வழியில் அனாபொலிஸ் பக்கம் பே பிரிட்ஜ் குறுக்கே நிற்கிறது. 1952இல் ஒன்று, 1973இல் பக்கத்திலேயே இன்னொன்று என்று இரட்டைப் பாலம். தண்ணீருக்கு மேல் 186 அடி இடைவெளிதான். ஐகான் ஆஃப் தி சீஸ் மாதிரியான ராட்சதக் கப்பல்கள் இதற்கு அடியில் நுழையவே முடியாது. அதனால் இங்கே வருபவை நடுத்தர அளவுக் கப்பல்கள். பல காலம் இங்கிருந்து ஓடிய விஷன் ஆஃப் தி சீஸ் 1998இல் வந்த கப்பல், ஏறக்குறைய 2,000 பேர் போகலாம். ஐகானில் அறைக்கு இருவர் என்று கணக்குப் போட்டாலே 5,600 பேர்.

இந்த இடத்தில்தான் நான் மற்ற விமர்சனங்களோடு முரண்படுகிறேன். சின்னக் கப்பல், பழைய கப்பல், தண்ணீர்ச் சறுக்கு இல்லை என்று குறையாகவே எழுதுகிறார்கள். பத்து வயதுப் பையன்களை வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு அது குறைதான், மறுக்கவில்லை. ஆனால் எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு எவ்வளவு தூரம் என்பதுதான் கேள்வி. எங்கள் கப்பலில் அப்பா சீக்கிரமே வழியெல்லாம் பழகிக்கொண்டு தனியாகக் காப்பி குடிக்கப் போய்வர ஆரம்பித்துவிட்டார், யாரிடமும் வழி கேட்கவில்லை. அந்தச் சுதந்திரம் அவருக்கு எவ்வளவு பெரியது என்று அவர் முகத்தைப் பார்த்தால் தெரியும், இங்கே எங்கள் வீட்டில் கார் இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போகமுடியாமல் இருந்த மனிதர் அவர்.

பயணத்தின் முதல் சில மணி நேரம் இந்தத் துறைமுகத்துக்கு மட்டுமே உரிய விஷயம், அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கப்பல் கிளம்பியதும் ஒரு பக்கம் ஃபோர்ட் மெக்ஹென்றி. 1814இல் பிரிட்டிஷ் கப்பல்கள் குண்டு போட்டும் விழாத கோட்டை, அமெரிக்க தேசிய கீதத்தின் வரிகள் பிறந்ததும் அந்தச் சம்பவத்தால்தான். அப்புறம் ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் இருந்த இடம் வரும். 2024 மார்ச் 26 அதிகாலையில் டாலி என்ற சரக்குக் கப்பல் மோதி அது சரிந்ததும், பாலத்தின் மேல் சாலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த ஆறு தொழிலாளர்கள் இறந்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்போது துறைமுகமே அடைபட்டு, க்ரூஸ் கப்பல்கள் வர்ஜீனியாவின் நார்ஃபோக்குக்கு மாறிப்போயின. மே கடைசியில்தான் திரும்பின. அந்த ஆறு பேரும் இரவு வேலைக்கு வந்தவர்கள், பிழைப்புக்காக வேறு நாடுகளிலிருந்து இங்கே வந்து குடியேறியவர்கள். அந்த இடத்தைக் கடக்கும்போது இதை அப்பாவுக்குச் சொன்னேன், அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். அங்கே புதிதாகக் கட்டப்போகும் பாலத்துக்கு 230 அடி உயரம் திட்டமிட்டிருக்கிறார்கள். ஆனால் பே பிரிட்ஜ் 186 அடியிலேயே இருக்கும்வரை ராட்சதக் கப்பல் பால்டிமோருக்கு வரப்போவதில்லை, அதற்காகக் காத்திருக்கவேண்டாம்.

பே பிரிட்ஜை நெருங்கும்போது கட்டாயம் மேல்தளத்துக்குப் போங்கள். மாலை வெயில் சாயும் நேரமாக இருக்கும். தூரத்தில் பார்க்கும்போது பாலம் கம்பி இழுத்த மாதிரி மெல்லிசாகத் தெரிகிறது, பக்கத்தில் வர வர அது இறங்கிக்கொண்டே வருவதுபோல இருக்கும், கப்பலின் புகைபோக்கி கண்டிப்பாக இடிக்கும் என்றுதான் தோன்றும். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு "ஏம்மா, இது போகுமா?" என்றார். தலைக்கு மேலே இரும்புச் சட்டங்கள், அதன் ஆணிகள், பெயிண்ட் உரிந்த இடம் எல்லாம் தெளிவாகத் தெரிய, லாரிகள் ஓடும் சத்தம் தடதடவென்று கேட்க, கப்பல் கடந்து போய்விட்டது. தளத்தில் நின்ற அத்தனை பேரும் கைதட்டினார்கள். மயாமியிலோ போர்ட் கனாவரலிலோ ஏறினால் இது கிடைக்காது.

இன்னொரு பெரிய லாபம், விரிகுடாவுக்குள் அலையே கிடையாது. முதல் நாள் ராத்திரி முழுக்கவே கிட்டத்தட்ட ஆற்றில் போவது போலத்தான். கப்பலில் ஏறிய உடனே தலை சுற்றுமோ என்று பயந்துகொண்டிருக்கும் பெரியவர்கள் அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, கப்பலுக்குப் பழகிவிடுகிறார்கள். அட்லாண்டிக்கில் நுழைந்து வளைகுடா நீரோட்டத்தைக் கடக்கும்போது ஆட்டம் உண்டு, அதை மறைக்கவில்லை. அம்மாவுக்கு அன்று காலை வயிறு சரியில்லை, குமட்டலுக்கான மெக்லிசின் மாத்திரையும் இஞ்சி மிட்டாயும் கொடுத்துப் படுக்கவைத்தோம், மத்தியானம் எழுந்து தயிர்சாதம் கேட்டார். அறை எடுக்கும்போது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் பார்த்து எடுங்கள். பால்கனி அறைக்குக் கொடுக்கும் பணத்தைவிட இது முக்கியம்.

சாப்பாடு. சைவம் என்று முன்பதிவிலேயே குறித்துவிட்டு, முதல் நாள் இரவே ஹெட் வெயிட்டரிடம் மறுநாளுக்கு இந்திய சாப்பாடு வேண்டும் என்று சொல்லிவைத்தால் பருப்பு, காய்கறிக் கறி, சாதம் என்று ஏதாவது செய்து தருகிறார்கள். எங்களுக்குப் பரிமாறியவர் கோவாக்காரர், அம்மாவைப் பார்த்ததும் கேட்காமலேயே பச்சை மிளகாய் கொண்டுவந்து வைத்தார். வெறும் தயிர் காலை பஃபேயில் இருக்கும். பிரிக்காத பாக்கெட்டில் ஊறுகாயும் பருப்புப் பொடியும் கொண்டுபோனோம், யாரும் தடுக்கவில்லை. ரைஸ் குக்கர், கெட்டில் எதுவும் கூடாது, தீ பயம், செக்யூரிட்டியிலேயே எடுத்து வைத்துக்கொள்வார்கள். டிப்ஸை ஆள் கணக்கில், நாள் கணக்கில் தானாகவே பில்லில் சேர்த்துவிடுவார்கள், குடும்பமாகப் போகும்போது அது சின்னத் தொகை இல்லை, டிக்கெட் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். இணையத்துக்குத் தனிக் காசு. நாங்கள் வாங்கினோம், ஊருக்கு வீடியோ கால் போட்டால் பாதியில் உறைந்து நின்றது. அந்தப் பணம் வீண்.

பெர்முடாவில் கப்பலை ராயல் நேவல் டாக்யார்ட் என்ற துறைமுகத்தில் கரையை ஒட்டியே கட்டுகிறார்கள், சின்னப் படகில் மாறி இறங்கும் தொல்லை இல்லை. பெரும்பாலும் இரவும் அங்கேயே நிற்கும், அதனால் காலையில் சுற்றிவிட்டு மத்தியானம் வந்து தூங்கிவிட்டு மறுபடி இறங்கலாம். தலைநகர் ஹாமில்டனுக்கு ஃபெர்ரி, ஹார்ஸ்ஷூ பே கடற்கரைக்கு 7ஆம் நம்பர் பஸ். அமெரிக்க டாலர் அப்படியே செல்லும். வண்டிகள் இடப்பக்கம் ஓடுவதைப் பார்த்து அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். மனிதர் ரசித்தது கடற்கரையை இல்லை, வீட்டுக் கூரைகளை. ஆறோ ஏரியோ இல்லாத தீவு அது, ஒவ்வொரு வீட்டுக் கூரையும் வெள்ளைச் சுண்ணாம்பு பூசி, படிப்படியாக அமைத்து, மழையைப் பிடித்து அடித்தளத் தொட்டிக்கு அனுப்புகிறது. பஸ் ஜன்னல் வழியாக ஒவ்வொரு வீட்டுத் தண்ணீர்க் குழாயும் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று எனக்குக் காட்டிக்கொண்டே வந்தார்.

பணம். பால்டிமோரில் டிக்கெட் விலை ஃப்ளோரிடாவைவிடக் கூடுதலாகவே இருக்கும், போட்டிக்குக் கப்பல்கள் அதிகம் இல்லை. அதை மட்டும் பார்த்துவிட்டு மயாமிதான் மலிவு என்று முடிவு கட்டாதீர்கள். ஆறு பேருக்கு விமான டிக்கெட், பெட்டிக்குக் காசு, விமானம் தாமதமானால் கப்பல் போய்விடும் என்பதற்காக முந்தின நாள் ஹோட்டல், இரண்டு ஊபர், எல்லாம் கூட்டிப் பார்த்தால் எங்களுக்கு பால்டிமோர்தான் குறைவாக வந்தது. தம்பதி மட்டும் போவதாக இருந்தால் கணக்கு மாறலாம்.

விசா விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். எச்1பி வேலை விசாவில் இருந்து, பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்ப் காலாவதியாகிவிட்டவர்கள், முப்பது நாளுக்குள் திரும்பினால் போதும் என்று யாரோ சொன்னதை நம்பி இந்தக் கப்பலில் ஏறாதீர்கள். அந்தச் சலுகை எச்1பிக்கு கனடாவும் மெக்சிகோவும் மட்டும்தான். பக்கத்துத் தீவுகளுக்கும் சேர்த்துச் செல்லுபடியாவது எஃப், ஜே விசாவில் இருக்கும் மாணவர்களுக்கும் பரிமாற்றத் திட்டத்தில் வந்தவர்களுக்கும்தான். பால்டிமோர் கப்பல்கள் போவது பெரும்பாலும் பெர்முடா, பஹாமாஸ், கரீபியன். ஸ்டாம்ப் இல்லாவிட்டால் லாயரிடம் கேட்காமல் பணம் கட்டவேண்டாம். அமெரிக்கக் குடியுரிமை உள்ள, 16 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு, கிளம்பிய துறைமுகத்துக்கே திரும்பும் பயணம் என்பதால் பிறப்புச் சான்றிதழே போதும். பெற்றோருக்கு விசிட்டர் விசா பலமுறை நுழைவுக்கானதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதம்? கப்பல்கள் வருடம் முழுக்க இருக்கின்றன. ஜனவரியில் பஹாமாஸ் மலிவாகத் தெரியும், ஆனால் முதல் நாளும் கடைசி நாளும் மேல்தளத்தில் நிற்கமுடியாத குளிர், பாலத்தைக்கூடக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்துதான் பார்க்கவேண்டும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை புயல்கள் அதிகம் வரும் காலம், பெர்முடாவை விட்டுவிட்டு வேறு எங்காவது திருப்பிவிடும் வாய்ப்பு உண்டு. மே கடைசி, ஜூன் மாதம்தான் பெரியவர்களுக்கு ஏற்றது.

திரும்பிய அன்று காலையில் கப்பலில் இட்லி இல்லை என்ற ஒரே குறையோடு அம்மா இறங்கினார், பத்து மணிக்கு வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. வீல்சேர் தேவைப்பட்டால் முன்பதிவின்போதே கேட்டுவையுங்கள், இறங்கும் நாள் காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள், அப்போது காத்திருக்க வேண்டிவரும்.