எல்லாம் ஒழுங்காக இருக்கும் ஊர்: 1956ஆம் ஆண்டின் ‘இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாட்சர்ஸ்’

வேற்றுக்கிரகவாசிகள் பூமியைப் பிடிக்க வருகிறார்கள் என்றதும் பறக்கும் தட்டும் இடிந்து விழும் நகரமும் நினைவுக்கு வரும். டான் சீகல் இயக்கி 1956இல் வெளிவந்த இந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. கலிபோர்னியாவின் சான்டா மீரா என்ற கற்பனைச் சிற்றூரில், உறங்கும் மனிதர்களுக்கு அருகே பெரிய விதைநெற்றுகள் வைக்கப்படுகின்றன; அவற்றிலிருந்து உருவும் குரலும் நினைவும் மாறாத நகல் மனிதர்கள் எழுகிறார்கள்; அசல் மனிதர் இல்லாமல் போகிறார். ஜாக் ஃபின்னி 1954இல் ‘கோலியர்ஸ்’ இதழில் தொடராக எழுதிய கதைக்கு டேனியல் மெயின்வாரிங் திரைக்கதை எழுதினார். நான்கு லட்சம் டாலரை ஒட்டிய செலவில், ஏறக்குறைய மூன்று வாரங்களில் எடுத்து முடிக்கப்பட்ட 80 நிமிடப் படம் இது. அந்தச் சிக்கனமே இதற்குப் பெரும் பலமாக அமைந்துவிட்டது என்பது என் உறுதியான கருத்து.

வெளியூர் சென்று திரும்பும் மருத்துவர் மைல்ஸ் பென்னல் (கெவின் மெக்கார்த்தி) முதலில் காண்பது, பெற்ற தாயைக் கண்டு அலறி ஓடும் ஒரு சிறுவனை. அடுத்து வில்மா என்ற பெண், தன்னை வளர்த்த ஐரா மாமா உண்மையில் ஐரா மாமாவே அல்ல என்கிறாள். அந்தக் காட்சியைச் சீகல் அமைத்திருக்கும் விதம் கூர்ந்து பார்க்கத்தக்கது. நல்ல பகல் வெளிச்சத்தில், வீட்டு முற்றத்தில் மாமா புல்வெட்டும் கருவியைத் தள்ளிக்கொண்டிருக்கிறார். கழுத்தின் பின்புறத் தழும்பு இருக்கிறது, பழைய நினைவுகள் இருக்கின்றன, குரல் அதே குரல். ஆனால் தன்னிடம் பேசும்போது அவர் கண்ணில் எப்போதும் தெரியும் ஒரு பார்வை மட்டும் இப்போது இல்லை என்கிறாள் வில்மா. ஒரு மருத்துவரால் சோதித்து அறியக்கூடிய அடையாளங்கள் எல்லாம் சரியாக இருக்க, அன்பு கொண்டவருக்கு மட்டுமே தெரியும் ஒன்று காணாமற்போயிருக்கிறது. படத்தின் பயம் முழுவதும் இந்த இடத்திலிருந்தே கிளைக்கிறது. மறுநாளே வில்மா, எல்லாம் சரியாகிவிட்டது என்று சிரித்தபடி சொல்லும்போது, முந்தைய நாளின் அழுகையைவிட அந்தச் சிரிப்பே நம்மை அதிகம் அச்சுறுத்துகிறது.

பசுமைக்குடிலில் நெற்றுகள் நுரை தள்ளிப் பிளக்கும் காட்சியையே பலரும் நினைவில் வைத்திருப்பார்கள். அதன் தந்திரக் காட்சிகள் இன்றும் அருவருப்பூட்டும் தரத்தில்தான் இருக்கின்றன. எனினும் அதற்குப் பின் வரும் ஒரு சிறு தயக்கம் அதைவிட முக்கியமானது. வைக்கோல் வாரும் கூர்முனைக் கருவியை ஓங்கியபடி நிற்கும் மைல்ஸ், தன் காதலி பெக்கியின் (டானா விண்டர்) முகத்தோடு உருவாகிக்கொண்டிருக்கும் உடலின் மேல் அதை இறக்க முடியாமல் விலகி, தன் முகம் கொண்ட உடலில் பாய்ச்சுகிறான். வசனம் எதுவும் இல்லாமலே, இந்த ஊர் எதை இழந்துகொண்டிருக்கிறது என்பது விளங்கிவிடுகிறது. அதே போல, ஜன்னல் வழியே மைல்ஸ் பார்க்கும் இன்னொரு காட்சியில், அவனிடம் பணிபுரியும் செவிலி சாலியின் வீட்டில் ஒரு நெற்று குழந்தைக்காகக் கொண்டுவரப்படுகிறது. குழந்தை தூங்கியதும் இனி அழுகையே இருக்காது என்று அவள் அமைதியாகச் சொல்கிறாள். தாலாட்டைப் போன்ற அந்த ஒரு வரியைவிடக் கொடூரமான வசனம் அந்தக் காலத் திகில் படங்களில் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமைக் காலையில் ஊர்ச் சதுக்கத்தில் நடப்பதை மைல்ஸின் சிகிச்சையக ஜன்னலிலிருந்து அவனும் பெக்கியும் பார்ப்பதுதான் படத்தின் உச்சம். சியரா மாட்ரே என்ற உண்மையான ஊரில் எடுக்கப்பட்ட இக்காட்சியில் மக்கள் வழக்கம்போல் நடமாடுகிறார்கள். வெளியூர்ப் பயணிகள் அகற்றப்பட்டதும் லாரிகள் வந்து நிற்க, எந்தெந்த ஊர்களில் உறவினர் இருக்கிறார்களோ அதன்படி நெற்றுகள் பங்கிடப்படுகின்றன. கூச்சலோ தள்ளுமுள்ளோ இல்லாத, நேர்த்தியான விநியோகம். உறவே நோய் பரவும் வழியாக மாறுகிறது.

பலரைக் கம்யூனிஸ்டுகள் என்று குற்றம்சாட்டி வேட்டையாடிய செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி அமெரிக்க செனட்டின் கண்டனத்துக்கு உள்ளானது 1954 டிசம்பரில். அந்தச் சூட்டில் வெளிவந்த படம் என்பதால், இது கம்யூனிசத்தைச் சாடுகிறது என்று ஒரு சாராரும், கம்யூனிச வேட்டையையே சாடுகிறது என்று மறு சாராரும் இன்றுவரை வாதிடுகிறார்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்று நான் கருதவில்லை. நகலாகிவிட்ட மனநல மருத்துவர், அன்பும் ஆசையும் இல்லாவிட்டால் வாழ்க்கை எளிதாகிவிடும் என்று நிதானமாக எடுத்துரைக்கும்போது, அந்தக் குரல் எந்தக் கட்சிக்கும் பொருந்துகிறது.

குறைகளும் உண்டு, முடிவைப் பற்றிப் பேசாமல் அவற்றைச் சொல்ல இயலாது. சுரங்கக் குகையில் பெக்கி கண்ணயர்ந்து மாறிவிடும் காட்சியில், முத்தமிட்ட மைல்ஸ் முகத்தை விலக்கிப் பார்க்கும் அண்மைக்காட்சி அபாரமானது. ஆனால் அதுவரை தனி உடலாக விளைந்த நகல், இங்கே அவளது உடலிலேயே கண் திறப்பது படம் வகுத்துக்கொண்ட விதிக்கே முரணானது. இதைவிடப் பெரிய ஊறு, தயாரிப்பு நிறுவனத்தின் வற்புறுத்தலால் முன்னும் பின்னும் ஒட்டப்பட்ட, மைல்ஸ் மருத்துவர்களிடம் நடந்ததைச் சொல்லும் மருத்துவமனைக் காட்சிகள். நெடுஞ்சாலையில் விரையும் வாகனங்களுக்கு நடுவே, அடுத்தது நீங்கள்தான் என்று மைல்ஸ் கேமராவை நோக்கி அலறும் இடத்தில் படத்தை முடிக்கவே சீகல் விரும்பினார். அவ்வாறு விட்டிருந்தால், அவனை நம்புவதா வேண்டாமா என்ற பொறுப்பு பார்வையாளரிடம் வந்து சேர்ந்திருக்கும். அதற்கு மாறாக நெற்றுகளை ஏற்றிவந்த ஒரு லாரியின் விபத்தைக் காரணம் காட்டி மருத்துவர்கள் அவனை நம்பிவிடுகிறார்கள். காதில் விழும் பின்னணி வருணனையும் இந்தத் திருத்தத்தின் விளைவுதான். நடிகர்களின் முகமே சொல்லிவிட்டதை அது மீண்டும் சொல்கிறது.

பின்னாளில் வண்ணமேற்றப்பட்ட பிரதியைத் தவிர்த்து, கறுப்பு வெள்ளையிலேயே பாருங்கள். எல்ஸ்வொர்த் ஃப்ரெட்ரிக்ஸின் ஒளிப்பதிவில், முதற்பகுதியின் வெயில் மெல்ல மெல்ல நிழலுக்கு இடம் கொடுப்பது வண்ணத்தில் கெட்டுவிடும். 1978இல் பிலிப் காஃப்மன் இக்கதையை சான் பிரான்சிஸ்கோ பெருநகருக்கு மாற்றி எடுத்த படமும் தவறவிடக்கூடாதது. 1993, 2007 ஆண்டுகளின் மறுவாக்கங்களை ஆர்வமுள்ளவர்கள் பிறகு பார்க்கலாம். காஃப்மன் படத்தில் கெவின் மெக்கார்த்தி சாலையில் ஓடிவந்து, காரின் கண்ணாடியைத் தட்டி அதே எச்சரிக்கையை அலறும் ஒரு காட்சி இருக்கிறது. அதன் முழு வலு 1956ஆம் ஆண்டுப் படத்தை முதலில் பார்த்தவர்களுக்கே கிடைக்கும்.