நின்றுபோன ஓடோமீட்டர்: பழுது நீக்கி மூன்று ஆண்டுகள்

1994இல் பதிவான என் பெட்ரோல் காரில், ஓடிய மொத்தத் தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டர் 1,12,486 என்ற எண்ணில் நின்றபோது, வேகமுள் மட்டும் வழக்கம்போல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பட்டறையில் சொன்னபடி மீட்டர் கேபிளை மாற்றியதில் பணம்தான் செலவானது. முள்ளையும் எண்களையும் இயக்குவது கியர்பாக்ஸிலிருந்து வரும் ஒரே கேபிள்தான் என்பதால், முள் அசைந்தாலே பழுது மீட்டருக்குள் இருக்கிறது என்று அப்போதே ஊகித்திருக்கலாம். சுழலும் காந்தத்தின் இழுப்பே முள்ளுக்குப் போதும். எண் உருளைகளோ பல்சக்கரம் கடித்துத் திருப்பினால்தான் நகரும்.

மீட்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உருளைகள் கோத்திருந்த மெல்லிய தண்டின் முனையில் இறுக்கமாகச் செருகப்பட்டிருந்த பிளாஸ்டிக் பல்சக்கரம், பற்கள் ஒன்றும் உடையாமலே பிடிப்பை இழந்து, தண்டைத் திருப்பாமல் தான் மட்டும் சுழன்றது. முதலில் உடனே ஒட்டும் பசையை வைத்தேன். டேஷ்போர்டின் வெயில் சூட்டில் அது நான்கே மாதங்களில் விட்டுவிட்டது, அதன் ஆவி மீட்டர் கண்ணாடியின் உட்புறத்தில் வெண்படலமாகவும் படிந்தது. இரண்டாம் முறை தண்டை உருவி, சக்கரம் அமரும் இடத்தை மட்டும் அரத்தால் லேசாகக் கீறிச் சொரசொரப்பாக்கி, இரு பொருள்களைக் கலந்து இறுகவிடும் எபாக்சி பசையைக் குண்டூசி முனையளவு தடவி ஒரு நாள் முழுக்க உலரவிட்டேன். வேகமுள்ளைப் பிடுங்கவில்லை; பிடுங்கினால் அதே இடத்தில் திரும்பப் பொருத்துவது கடினம். உருளைகளுக்கு எண்ணெயும் விடவில்லை. கேபிளுக்குக் கிரீஸ் தடவியபோதும், மீட்டருக்குள் ஏறிவிடாதபடி மேல்முனையைத் துடைத்து உலர்வாக விட்டேன்.

காரில் பொருத்தும் முன் ட்ரில்லால் சோதித்தேன். மீட்டரின் முகப்பில் சிறிதாக அச்சிட்டிருந்த 637 என்ற எண், ஒரு கிலோமீட்டருக்குக் கேபிள் எத்தனை முறை சுழல்கிறது என்பதைக் குறிப்பது. கேபிள் சுழலும் அதே திசையில் ட்ரில்லை ஓட்டி, முள்ளை 60இல் நிறுத்தினேன். சரியாக ஒரு நிமிடத்தில் கடைசி உருளையின் 6 மெல்லக் கீழிறங்கி 7 வந்து நின்றதைப் பார்த்தபோது ஏற்பட்ட நிம்மதி இன்றும் நினைவில் இருக்கிறது.

அதன்பின் மூன்று ஆண்டுகளில் 26,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. நெடுஞ்சாலைக் கிலோமீட்டர் கற்களுடன் ஒப்பிட்டால் 50க்கு 51 காட்டுகிறது, பழுதுக்கு முன்பும் இதே அளவுதான். ஐயாயிரத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுவதை மறுபடியும் ஊகமின்றிச் செய்ய முடிகிறது. ஒவ்வொரு பயணத்தின் தூரத்தைத் தனியே காட்டும் ட்ரிப் மீட்டரைச் சுழியமாக்கும் குமிழை, பற்கள் உடைந்துவிடக் கூடாதென்று, வண்டி நின்ற பிறகே அழுத்துகிறேன். எண்கள் நின்றிருந்த மாதங்களில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் ஓடியிருக்கும் என்று பெட்ரோல் ரசீதுகளிலிருந்து கணக்கிட்டு, தேதியுடன் சர்வீஸ் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன். பின்னாளில் வண்டியை வாங்குபவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

கடைசி உருளை மட்டும் வரிசையிலிருந்து ஒரு மயிரிழை தாழ்ந்து நிற்கிறது. நன்றாக ஓடும் மீட்டரை அதற்காக மீண்டும் பிரிக்க எனக்கு மனமில்லை.