ஒரு காது திடீரென்று அடைத்துக்கொண்டால் சொட்டு மருந்து போட்டுக் காத்திருக்காதீர்கள்

வலங்கைமான் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 44. போன தீபாவளிக்கு அப்புறம் என் இடது காதில் பாதிக்கு மேல் கேட்கும் திறன் போய்விட்டது. காது போனதுகூட ஒரு பக்கம் இருக்கட்டும். அதைக் காப்பாற்றிக்கொள்ள என் கையில் பதினைந்து நாள் இருந்தது, அந்தப் பதினைந்து நாளையும் ஓர் இடத்தில் பணம் கொடுத்துத் தொலைத்தேன். அது எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. உங்கள் வீட்டில் யாருக்கும் இப்படி நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். அந்த இடத்தின் பெயரை எழுதவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது.

தீபாவளி முடிந்த மூன்றாம் நாள், புதன்கிழமை. காலையில் அம்மாவிடமிருந்து போன் வந்தது. எப்போதும் போல இடது காதில் வைத்தேன். சத்தமே இல்லை. சிக்னல் இல்லை என்று நினைத்து இரண்டு தடவை வைத்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டேன். மூன்றாம் தடவை தற்செயலாக வலது காதுக்கு மாற்றினால், "என்னடி, எத்தனை வாட்டி கூப்புடுறது" என்று அம்மா கத்துகிறார். மறுபடி இடதுக்கு மாற்றினேன், ஒன்றும் இல்லை. காதுக்குள் பஞ்சு திணித்தது போல ஓர் அடைப்பு, அதற்குள் விடாமல் ஒரு இரைச்சல். வலி கிடையாது, சீழ் கிடையாது. முந்தின நாள் ராத்திரி படுக்கும்போது நன்றாகத்தான் இருந்தேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் வெடி செய்கிற ஊர். அதனால் எல்லோரும் முதலில் சொன்னது, "வெடிச் சத்தமா இருக்கும், ரெண்டு நாள்ல சரியாயிடும்." மழை வேறு விடாமல் பெய்துகொண்டிருந்தது, வீட்டில் எல்லோருக்கும் சளி. அதனால் அடுத்து சொன்னது, "சளி காதுல இறங்கியிருக்கு." மாமியார் நல்லெண்ணெயில் பூண்டு போட்டுக் காய்ச்சி இரண்டு சொட்டு விட்டார். பாவம், அவருக்குத் தெரிந்ததை அன்போடு செய்தார். அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. என் கோபமெல்லாம் தெரிந்திருக்க வேண்டியவர்கள் மேல்தான்.

மறுநாளே போய்விட்டேன். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பிற்பாடு அந்த கிளினிக்கில் "நீங்க லேட்டா வந்துட்டீங்க" என்றார்கள். லேட்டாக வரவில்லை. இரண்டாம் நாளே போய், காது மூக்கு தொண்டை என்று போர்டு போட்ட கிளினிக்கில் டோக்கன் போட்டு உட்கார்ந்திருந்தேன். 300 ரூபாய் பீஸ். டாக்டர் விளக்கடித்து இரண்டு காதையும் பார்த்தார். "குறும்பி இருக்கும்மா. சொட்டு மருந்து எழுதியிருக்கேன், அஞ்சு நாள் போட்டுட்டு வாங்க, ஊறினதும் க்ளீன் பண்ணிடலாம்." ஒரே நாளில் இப்படி ஆகிவிட்டது டாக்டர், காது இரைகிறது, திரும்பினால் லேசாகக் கிறுகிறுப்பு வருகிறது என்று சொன்னேன். "அடைப்பு இருந்தா இரையத்தான் செய்யும்" என்றார். அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஐந்து நாள் சொட்டு மருந்து போட்டேன். கடையில் மோட்டார் ஓடுகிறதா இல்லையா என்று கையை வைத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. இடது பக்கம் நின்று யாராவது அளவு சொன்னால் காதில் விழாது. ஒரு நாள் ரோட்டைக் கடக்கும்போது பின்னாலிருந்து டிராக்டர் வந்தது. ஹாரன் கேட்டது, ஆனால் எந்தப் பக்கமிருந்து என்று தெரியாமல் நடு ரோட்டிலேயே நின்றுவிட்டேன். ஒரு காதால் சத்தம் கேட்கும், திசை கேட்காது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

எட்டாம் நாள் போனேன். தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார்கள். துளியூண்டு அழுக்கு வந்தது. காது அப்படியேதான் இருந்தது. "சரி, பக்கத்து ரூம்ல ஒரு டெஸ்ட் எடுத்துக்குங்க" என்று அனுப்பினார் டாக்டர். அந்த ரூமில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, வெளியே டோக்கன் கூப்பிடும் சத்தம் உள்ளே கேட்கிறது. ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னான் ஒரு பையன். 600 ரூபாய். முடிந்ததும் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு சொன்னான்: "அக்கா, நரம்பு போயிருச்சு. இதுக்கு மருந்தே கிடையாது. மெஷின் மாட்டுனாதான் மிச்சத்தைக் காப்பாத்தலாம். 42,000 ரூபாய் மெஷின், இன்னைக்கு புக் பண்ணினா 34,000."

அழுதுகொண்டே டாக்டரிடம் போனேன். அவர் தாளைப் பார்த்தாரா என்றுகூட எனக்கு நிச்சயமில்லை. "அவங்க சொல்றபடி செய்யுங்க" என்றார். மகளிர் குழுவில் கடன் வாங்கினோம். வீட்டுக்காரர் நடவுக்கு வைத்திருந்த பணத்தையும் போட்டோம். மூன்று நாளில் மெஷின் வந்தது. மாட்டினால் சத்தம் மட்டும் பெரிதாக வந்தது, பேச்சு ஒன்றும் புரியவில்லை. பாத்திரம் விழுந்தால் மண்டைக்குள் ஊசி குத்தியது போல இருக்கும். "பழகப் பழக சரியாகும்" என்றான் அந்தப் பையன்.

பதினைந்தாம் நாள் எங்கள் ஊர் சுகாதார நிலையத்து நர்ஸ் அக்கா ஜாக்கெட் வாங்க வந்தார். இடது பக்கம் நின்று பேசினார், நான் பதில் சொல்லவில்லை. மெஷினைப் பார்த்தார். "எப்போலேருந்து இது?" நடந்ததைச் சொன்னேன். ஜாக்கெட்டைக் கையில்கூட வாங்கவில்லை. "ஒரே ராத்திரியிலயா போச்சு? ஸ்டீராய்டு குடுத்தாங்களா? இல்லையா? நாளைக்குக் காலைல முதல் பஸ்ஸுல தஞ்சாவூர் மெடிக்கலுக்குப் போ. அந்தத் தாளையும் எடுத்துட்டுப் போ."

மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் ஓ.பி. சீட்டு வாங்கிவிட்டோம். சின்ன வயது டாக்டரம்மா. காதுக்குள் பார்த்துவிட்டு, இரண்டு கால் உள்ள இரும்புக் கவை ஒன்றை முழங்கையில் தட்டி என் நடு நெற்றியில் வைத்தார். "எந்தப் பக்கம் கேக்குதும்மா?" ரீங்காரம் முழுக்க வலது காதுக்குப் போனது. அதைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. அடைப்போ அழுக்கோ என்றால் அந்தச் சத்தம் அடைத்த காதில்தான் கூடுதலாகக் கேட்குமாம். நல்ல காதுக்கு ஓடுகிறது என்றால் கோளாறு உள் காதிலோ நரம்பிலோ. அரை நிமிடம்கூட ஆகாத பரிசோதனை அது. கவையைத் தவிர ஒரு கருவியும் வேண்டாம். அந்த கிளினிக்கில் முதல் நாளே இதைச் செய்திருக்கலாம்.

அப்புறம் பழைய தாளைக் கேட்டார். நீட்டினேன். விரலை வைத்துக் காட்டினார்: நீல நிறப் பெருக்கல் குறி இடது காது, சிவப்பு வட்டம் வலது காது. குறி கீழே இறங்க இறங்கக் கேட்கும் திறன் குறைவு என்று அர்த்தமாம். வட்டமெல்லாம் மேலே வரிசையாக இருந்தன, பெருக்கல் குறிகள் தாளின் அடிவரைக்கும் இறங்கிக் கிடந்தன. காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்து எடுத்த அளவும் அவற்றோடு சேர்ந்தே கீழே கிடந்தது. அழுக்கென்றால் எலும்பு அளவு மேலேயே நின்றிருக்கும். "இதுலயே எல்லாம் இருக்கேம்மா. எட்டாம் நாள் தேதி போட்டிருக்கு. அன்னைக்கே மாத்திரை ஆரம்பிச்சிருக்கலாமே" என்றார். அந்தத் தாளை ஒரு வாரமாக மெஷின் டப்பாவோடு சேர்த்து பீரோவில் பூட்டி வைத்திருந்தேன்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். மூன்று நாளுக்குள், அடுத்தடுத்த மூன்று சுருதிகளில் 30 டெசிபலாவது கேட்கும் திறன் இறங்கினால் அதற்குத் திடீர் செவித்திறன் இழப்பு என்று பெயர். பெரும்பாலும் ஒரே காதில்தான் வரும். பலருக்குத் தூங்கி எழும்போதுதான் தெரியும். முக்கால்வாசிப் பேருக்கு மேல் காரணம் கண்டுபிடிக்கவே முடியாது. சிலருக்குத் தானாகவே திரும்பி வந்துவிடும், ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை, அதனால் காத்திருந்து பார்க்கக் கூடாது. ஸ்டீராய்டு மாத்திரைக்கு முதல் இரண்டு வாரம்தான் நல்ல காலம், அதிலும் முதல் சில நாட்கள். அது தவறினால் அல்லது மாத்திரைக்குக் கேட்கவில்லை என்றால், செவிப்பறை வழியாக நடுக்காதில் ஊசி போடலாம், ஆறு வாரம் வரைக்கும் முயற்சி செய்து பார்ப்பார்கள். என் விஷயத்தில் பதினாறு நாள் ஆகியிருந்தது.

எடை பார்த்து, சர்க்கரை பார்த்து, மாத்திரை ஆரம்பித்தார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிடும், அதனால் டாக்டர் கண்காணிப்பில்தான் சாப்பிட வேண்டும், பாதியில் நிறுத்தவும் கூடாது. தயவுசெய்து இதைப் படித்துவிட்டு மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். காதுக்குள் நான்கு ஊசி போட்டார்கள். மரத்துப்போக மருந்து வைத்துத்தான் போடுகிறார்கள், நான் பயந்த அளவுக்கு இல்லை. போட்டதும் கொஞ்ச நேரம் உலகம் சுற்றும், அரை மணி நேரம் காதை மேலே வைத்துப் படுத்திருக்க வேண்டும். நரம்பில் கட்டி ஏதும் இருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. மாத்திரையும் ஊசியும் அரசு மருத்துவமனையில் இலவசம்.

இப்போது மோட்டார் சத்தம் கேட்கிறது. கட்டைக் குரலில் பேசினால் பக்கத்தில் இருந்து கேட்கிறது. போனில் அம்மா பேசினால் இன்னும் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போலத்தான் இருக்கிறது. இரைச்சல் போகவில்லை, ராத்திரியில் ஃபேனைப் போட்டுவிட்டுத்தான் தூங்குகிறேன். "முதல் வாரமே வந்திருந்தா முழுசா வந்திருக்குமா டாக்டர்?" என்று கேட்டேன். "உறுதியா சொல்ல முடியாதும்மா. ஆனா வாய்ப்பு இதைவிட அதிகமா இருந்திருக்கும்" என்றார். பொய்யாக ஆறுதல் சொல்லவில்லை, அதற்கே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

மெஷினைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். "உங்க காதுக்குன்னு செஞ்சது, ரிட்டர்ன் கிடையாது" என்றான் அந்தப் பையன். "மெஷின் கடை தனி, நான் தனி" என்றார் டாக்டர். பில்லை எடுத்துப் பார்த்தால் அது பில்லே இல்லை. "அட்வான்ஸ்" என்று கையால் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு, ஜி.எஸ்.டி. எண்ணும் இல்லை. காது பரிசோதனை செய்து மெஷின் பொருத்துகிறவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண் என்ன தம்பி என்று கேட்டதற்குப் பதில் இல்லை. காது நிலைத்து நின்ற பிறகுதான் மெஷினே யோசிக்க வேண்டும் என்பதும், சிகிச்சைக் காலம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதை விற்றது தப்பு என்பதும் தஞ்சாவூரில்தான் எனக்குத் தெரிந்தது.

யாருக்காவது இப்படி ஆனால், டாக்டரைப் பார்க்கப் போகும் முன் வாயை மூடி "ம்ம்ம்" என்று முனகிப் பாருங்கள். சத்தம் நல்ல காதுப் பக்கமே கேட்டால் டாக்டரிடம் அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். இது பரிசோதனைக்கு ஈடாகாது, ஆனால் "குறும்பி" என்று சொல்லி அனுப்ப வந்தவரைக் கொஞ்சம் நிறுத்தும். ஒரே நாளில் போனது, இது நரம்பா அடைப்பா, கவை வைத்துப் பாருங்கள், இன்றே ஆடியோகிராம் (ஹெட்போன் மாட்டிக் கேட்கும் திறனை அளந்து தாளில் போடுவது) எடுக்க வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்கத் தயங்கித்தான் நான் கெட்டேன். கூடவே முகம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, கை கால் தளர்ந்தாலோ காது டாக்டர் வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். எங்கே போனாலும் தாள்களைக் கையோடு வாங்கிவிடுங்கள். நம் மருத்துவப் பதிவை நாம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002-ம் ஆண்டு மருத்துவ ஒழுங்குமுறை விதியே இருக்கிறது.

நான் முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். அப்புறம் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். மனுவோடு இணைத்தவை: முதல் நாள் டோக்கன் சீட்டு, சொட்டு மருந்துச் சீட்டு, அந்த "அட்வான்ஸ்" துண்டுச் சீட்டு, ஜி-பே அனுப்பிய விவரம், எட்டாம் நாள் தேதி போட்ட அந்தத் தாள், தஞ்சாவூரில் பதினாறாம் நாள் எடுத்த தாள். மெஷினை அதே டப்பாவில் வைத்திருக்கிறேன், விசாரணையில் கேட்டால் கொடுக்க.