கத்தியா, ஊசியா, அப்படியே விடுவதா: ஆண் பன்றி விஷயத்தில் எது தேறும்?

பெரம்பூர் ஆங்கிலோ இந்திய வீட்டு விருந்தில் ஒரே சட்டி போர்க் விண்டாலுவை ஒருவர் ரசித்துச் சாப்பிட, பக்கத்தில் இருப்பவர் முகம் சுளிப்பது உண்டு. காரணம் பெரும்பாலும் சமையல் அல்ல. ஆண் பன்றியின் விதையில் சுரக்கும் ஆண்ட்ரோஸ்டினோன், பெருங்குடல் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் ஸ்கடோல் இரண்டும் கொழுப்பில் படிந்து, அடுப்புச் சூட்டில் வாடையைக் கிளப்பும். முதலாவது மூத்திர வாடை, இரண்டாவது சாண வாடை. ஆண்ட்ரோஸ்டினோன் சிலர் மூக்குக்குப் பிறவியிலேயே எட்டாது.

இந்த வாடைக்குப் பயந்துதான் காயடிக்கிறார்கள். குட்டி பிறந்த முதல் வாரத்திலேயே, மயக்க மருந்து இல்லாமல், கத்தியால். செலவு இல்லை, வாடையும் வராது. 'சின்னக் குட்டிக்கு வலி தெரியாது' என்ற பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். அறுக்கும்போது எழும் கீச்சுக் குரலும், ரத்தத்தில் ஏறும் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோனும், பின்னர் குட்டிகள் நடுங்கி ஒதுங்கிக் கிடப்பதும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கின்றன. ஆனாலும் நம் 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், விதித்த முறைப்படி காயடிப்பதை வதையாகக் கணக்கில் எடுப்பதில்லை.

அதே கத்தியை மருந்தோடு எடுப்பது அடுத்த வழி. ஜெர்மனியில் 2021 முதல் மயக்கமின்றிக் காயடிக்கத் தடை. அங்கே ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க வாயு இயந்திரம் பரவலானது. செங்கல்பட்டுப் பக்கத்துச் சிறு பண்ணைக்கு அது கட்டுப்படியாகாது. அந்த இடத்தை மரத்துப்போக வைக்கும் லிக்னோகெயின் ஊசியும், வலி மருந்தான மெலாக்சிகாமும் போதும். ஆனால் மெலாக்சிகாம் மட்டும் போட்டுவிட்டு அறுப்பது ஏமாற்று வேலை: அது பிந்தைய வலியைத்தான் தணிக்கும், அறுக்கும் நேரத்து வலியை அல்ல. ஐரோப்பிய வழிகாட்டிகளைப் பார்த்துக் கீட்டோபுரோஃபென் என்ற வலி மருந்தைத் தேட வேண்டாம். மருந்து ஏறிய சடலத்தைத் தின்னும் பாறு கழுகுகளைக் கொல்வதால் கால்நடைக்கு அதை 2023-இல் இந்தியா தடை செய்துவிட்டது.

மூன்றாவது வழி, தடுப்பூசி. ஆஸ்திரேலியாவில் 1998-லேயே வந்தது, ஐரோப்பாவில் 2009-இல் அனுமதி. விதையை இயக்க மூளை சுரக்கும் சமிக்ஞை ஹார்மோனுக்கு எதிராக உடலே எதிர்ப்புப் பொருளை உருவாக்க வைப்பதுதான் வேலை. இரண்டு தவணை, இரண்டாவது, கறிக்காக அறுப்பதற்கு நாலிலிருந்து ஆறு வாரம் முன்பு. அதுவரை பன்றி காயடிக்காததைப் போலவே குறைந்த தீவனத்தில் கொழுப்பேறாமல் வளரும். கறித்தரமும் காயடித்த பன்றிக்கும் காயடிக்காத பன்றிக்கும் நடுவில் நிற்கும். விலங்கு நலம் என்ற ஒரே அளவுகோலில் என் ஓட்டு இதற்குத்தான். 'ஹார்மோன் ஊசி போட்ட கறி' என்று கடைக்காரர் பயமுறுத்தலாம். உள்ளே போவது ஹார்மோன் அல்ல. உண்மையான ஆபத்து ஊசி பிடிப்பவருக்கு: தவறித் தன் கையில் குத்திக்கொண்டால் அவருடைய இனப்பெருக்க ஹார்மோன்களே பாதிக்கப்படலாம். இரண்டாம் முறை குத்திக்கொண்டால் ஆபத்து கூடுதல். பாதுகாப்பு உறை கொண்ட ஊசிக்குழாயும், மின்வெட்டிலும் குளிர் குறையாத பெட்டியும் இல்லாத இடத்தில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அப்படியே விடுவது பிரிட்டனிலும் அயர்லாந்திலும் வழக்கம். பருவம் முற்றும் முன்னரே அறுத்துவிடுகிறார்கள். தீவனம் மிச்சம், கறியில் கொழுப்புக் குறைவு. ஆனால் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதும் சண்டையும் தோல் காயமும் அதிகம். கத்தி தராத துன்பத்தைச் சக பன்றிகள் தந்துவிடும். தசைக்குள் ஓடும் கொழுப்பு குறைவதால் வறுவலும் வறண்டு போகும்.

சென்னையைச் சுற்றி இது இன்னும் சிக்கல். நாட்டுப் பன்றி, சீமை இனமான வெண்பன்றியைவிடச் சீக்கிரம் பருவத்துக்கு வரும் என்பதால் நாட்டு ரத்தம் கலந்த ஆண் பன்றியில் வாடையும் முன்கூட்டியே தொடங்கலாம். சித்திரை வெயிலில் உடம்பைக் குளிர்விக்கத் தன் சாணத்திலேயே புரளும் பன்றிக்கு ஸ்கடோல் ஏறும். அதைக் குறைக்க ஐரோப்பாவில் அறுப்புக்கு முந்தைய நாட்களில் சிக்கரி வேர் தருகிறார்கள். ஹோட்டல் மிச்சச் சோறு தின்னும் பன்றிக்குச் சிக்கரியை எங்கே தேடுவது? ஈரமில்லாத தரையும் தெளிப்பு நீரும்தான் இங்கே சாத்தியம்.

இருபது முப்பது பன்றி வைத்திருப்பவர் இன்றைக்குக் கேட்டால், லிக்னோகெயினும் மெலாக்சிகாமும் சேர்த்துக் கால்நடை மருத்துவர் கையால் முதல் வாரத்தில் முடிக்கச் சொல்வேன். நூறைத் தாண்டி, ஊசி போடப் பழகிய ஆளும் இருந்தால் தடுப்பூசி. ஆண் பன்றியை அப்படியே விடுவதென்றால் வெண்பன்றியில் மட்டும், அதுவும் ஐந்து மாதத்துக்குள் விற்றுவிடுபவருக்கு.