பின்பக்கம் உட்காரும் எஸ்யூவி: காற்றுப்பையா, தடித்த ஸ்பிரிங்கா, எடைப் பகிர்வு ஹிட்ச்சா?

படகு டிரெய்லரை மாட்டியதும் எஸ்யூவியின் பின்பக்கம் அப்படியே உட்கார்ந்துவிடுகிறது, என்ன போடலாம் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஒர்க்‌ஷாப்பில் கேட்டால், “காற்றுப்பை போடுங்கண்ணே, பின்னாடி தூக்கிடும்” என்பார்கள். பின் ஸ்பிரிங்குக்குள் வைத்துக் காற்றடிக்கும் பை அது, விபத்தில் விரியும் பையல்ல. தூக்கும், உண்மைதான். ஆனால் எனக்குக் கவலை முன்சக்கரங்களைப் பற்றி.

கணக்கு எளிது. டோ பால், அதாவது டிரெய்லரை மாட்டும் இரும்பு உருண்டை, பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருக்கிறது, இரண்டு அச்சுகளுக்கும் இடையே 2.8 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பாலின் மேல் 100 கிலோ இறங்கினால் பின் அச்சில் கூடுவது 143 கிலோ. அதிகப்படியான அந்த 43 கிலோ முன் அச்சிலிருந்து வந்தது. ஸ்டியரிங் லேசாகிறது, முன் பிரேக்கின் பிடி குறைகிறது, ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கிறது.

எங்கள் வண்டியில் டேப் வைத்து அளந்தோம், சக்கரத்தின் மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை. டிரெய்லரும் சாமானும் ஏறியபின் பின்னால் 50 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது, முன்னால் 10 ஏறியிருந்தது. காற்றுப்பையை ஊதியதும் பின்னால் 40 மீண்டது. முன்னால் அதே 10. வண்டி பார்க்க மட்டமாக நின்றது, ஹெட்லைட்டின் ஒளியும் கீழே இறங்கியது, ஆனால் முன்சக்கரம் இழந்த எடை திரும்பவில்லை.

அதற்காகக் காற்றுப்பை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். சிங்கப்பூரில் நம் வண்டி வாரம் முழுக்கப் பள்ளிக்கூடம், அலுவலகம், பலமாடிக் கார் நிறுத்துமிடம் என்று காலியாகத்தான் ஓடுகிறது. காயில் ஸ்பிரிங்குக்குள் நிற்கும் பையில் சாதாரண நாளில் 5 பிஎஸ்ஐ, இழுக்கும் நாளில் தேவைக்கேற்ப ஏற்றலாம். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிக் குழாய் கேளுங்கள். ஒரே குழாயில் இணைத்தால் வளைவில் அழுந்தும் பையிலிருந்து காற்று மறுபக்கம் ஓடி, வண்டி இன்னும் சாயும். பெட்ரோல் நிலையத்து மெஷினும் வேண்டாம். பை சின்னது, கேஜைப் பிடுங்கும்போதே ஒன்றிரண்டு பிஎஸ்ஐ போய்விடும். சைக்கிள் கைப்பம்புதான் இதற்குச் சரி.

தடித்த ஸ்பிரிங் எப்போதும் பாரத்தோடு ஓடும் வண்டிக்கு. மற்ற நாளெல்லாம் பின்பக்கம் தூக்கி நின்று, ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்சீட்டில் இருக்கும் அம்மாவின் முதுகைத் தட்டும். ஷாக் அப்சார்பரையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும், செலவு இரட்டிப்பு. முன்சக்கர எடைக்கு இதுவும் ஒன்றும் செய்யாது. பம்ப் ஸ்டாப் (ஸ்பிரிங் முழுக்க அழுந்தும்போது இடியைத் தாங்கும் முட்டு) இருக்கும் இடத்தில் பொருத்தும் ரப்பர் கட்டைகள் மலிவு, பராமரிப்பும் இல்லை, ஆனால் பாரத்துக்கேற்பக் கூட்டிக் குறைக்க முடியாது.

டிரெய்லரை வண்டியோடு இணைக்கும் எடைப் பகிர்வு ஹிட்ச் வேறு ரகம். இழுத்துக் கட்டிய இரும்புக் கம்பிகள் நெம்புகோலாக வேலை செய்து எடையின் ஒரு பங்கை முன் அச்சுக்கும் இன்னொரு பங்கை டிரெய்லர் சக்கரங்களுக்கும் தள்ளுகின்றன. மேலே சொன்ன 10 மில்லிமீட்டரைக் குறைப்பது இது மட்டும்தான். ஆனால் படகுக்காரருக்குத் தொல்லையும் இதில்தான். படகு இறக்கும் சரிவில் இறங்குமுன் கம்பிகளைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் சரிவு மாறும் இடத்தில் ஹிட்ச் முறுகும். வண்டி வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் தள்ளும் விசையிலேயே பிடிக்கும் பிரேக் உள்ள டிரெய்லரோடு எல்லா ஹிட்ச்சும் ஒத்துப்போகாது. சில வண்டித் தயாரிப்பாளர்கள் இதைத் தடையே செய்திருக்கிறார்கள், கையேட்டைப் பாருங்கள்.

ஒரு டன்னுக்குள் உள்ள படகுக்கு என் தேர்வு காற்றுப்பை. இரண்டு டன்னை நெருங்கினால், கையேடு அனுமதித்தால், எடைப் பகிர்வு ஹிட்ச்.

எதையும் வாங்குமுன் பாலின் மேல் விழும் எடையை அளந்துவிடுங்கள். இழுக்கும் உயரத்துக்கு மரக்கட்டை வெட்டி, குளியலறைத் தராசின் மேல் நிறுத்தி, கப்ளரை (பாலின் மேல் உட்காரும் டிரெய்லரின் முன்முனை) அதில் இறக்கினால் போதும். மொத்த டிரெய்லர் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வர வேண்டும். எங்கள் படகில் ஐஸ்பெட்டியும் நங்கூரமும் மூக்கில் இருந்தன. டிரெய்லர் அச்சுக்கு மேலே நகர்த்தியதும் நல்ல மாற்றம் தெரிந்தது. அதற்காக எல்லாவற்றையும் பின்னால் தள்ளிவிடாதீர்கள், மூக்கு லேசான டிரெய்லர் விரைவுச்சாலையில் பாம்பாய் நெளியும். அது பின்பக்கம் தாழ்வதைவிட ஆபத்து.

இவற்றில் எதுவும் வண்டியின் இழுவை வரம்பையோ பின் அச்சு வரம்பையோ கூட்டாது. ஸ்பிரிங்கைத் தொடுவதற்கு முன் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மாற்றியமைப்பு விதிகளைப் பார்த்துவிடுங்கள். மூன்று வயதைத் தாண்டிய கார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பத்தைத் தாண்டியது ஆண்டுதோறும் சோதனைக்குப் போகிறது, பொருத்தியதற்கான ரசீதையும் விவரத்தாளையும் வண்டியிலேயே வைத்திருங்கள்.