பழைய மெசேஜைத் தட்டி எழுப்பலாமா? தேனீ குரூப்பில் ரிப்ளை வசதியோடு என் அனுபவம்

குமரி மாவட்டத்துக் குலசேகரத்து நண்பர் ஒருவர் எங்கள் தேனீ வளர்ப்பு வாட்ஸப் குரூப்பில் வருடக்கணக்காகச் சும்மா இருந்தவர். இப்போதுதான் தேனீப் பெட்டி வாங்கி ரப்பர் தோட்டத்தில் வைத்திருக்கிறார். போன வாரம் கூப்பிட்டார். “எனக்குள்ள சந்தேகத்த ரெண்டு கொல்லத்துக்கு (வருடத்துக்கு) முன்னாடியே ஒருத்தன் கேட்டிருக்கான் அண்ணே. அதுக்கே ரிப்ளை போடட்டா, இல்ல புதுசா கேக்கட்டா? யாரும் ஏசமாட்டாவல்லா?”

ஏசுவார்கள். முதல் ஆளாக நானே ஏசுவேன். அட்மின் என்று ஒரு பட்டம் வேறு இருக்கிறது. இருந்தாலும் பழையதற்கே போடுங்கள் என்றுதான் சொன்னேன். காரணத்தைப் போனில் சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

ரிப்ளை வசதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2016இல் அது வருவதற்கு முன்னால் ஒருவர் ‘ஆமா’ என்று போடுவார், எதுக்கு ஆமா என்று நாலு பேர் கேட்பார்கள். அந்தத் தொல்லை ஒழிந்தது. வந்த புதிய தொல்லை என்னவென்றால், மேற்கோள் கட்டத்தில் பெயர் இருக்கும், ரெண்டு வரி இருக்கும், போட்டோ என்றால் நகம் அளவுக்கு ஒரு படம் இருக்கும். தேதி இருக்காது. கட்டத்தைத் தொட்டால் மூல மெசேஜுக்கே கொண்டுபோய் விடும், தேதியும் தெரியும். தொடுவதற்குத்தான் ஆளில்லை.

2017 நவம்பர் 30 ஒக்கி புயலில் மேற்குப் பக்கத் தோட்டங்களில் ரப்பர் மரங்கள் வேரோடு சாய்ந்தன. மரத்தடியில் நொறுங்கிக் கிடந்த பெட்டிகளின் படத்தை அன்று ஒருவர் குரூப்பில் போட்டிருந்தார். வருடங்கள் கழித்து ஒரு ஐப்பசி மழை ராத்திரியில் இன்னொருவர் அந்தப் படத்துக்கு ரிப்ளையாக ‘எந்த ஏரியா?’ என்று கேட்டார். ரெண்டே சொல்தான். கொஞ்ச நேரத்தில் அருமனையிலிருந்தும் திருவட்டாறிலிருந்தும் போன் வருகிறது, புயல் வந்துவிட்டதா என்று. ‘இது ஒக்கி சமயத்துப் படமாக்கும்’ என்று நான் போட்டதைப் பார்க்காமலே கீழே அனுதாபம் ஓடிக்கொண்டிருந்தது.

விற்பனை விளம்பரம் இதைவிட மோசம். ‘ஈயோடு பெட்டி விற்பனைக்கு’ என்று எப்போதோ போட்டது. பெட்டிகள் கைமாறி, வாங்கியவரும் விற்றுவிட்டார். இன்றும் ‘இருக்கா?’ என்று வரும். அதன் பின்னாலேயே ‘விலை?’, ‘எனக்கும் வேணும்’. விற்றவர் ‘தீர்ந்தாச்சு’ என்று தன் விளம்பரத்துக்கே ரிப்ளை போட்டிருப்பார், ஆனால் அது பழைய மெசேஜின் கீழே ஒட்டாது. போட்ட நாளின் கூட்டத்தில் போய் விழும். ரிப்ளையிலிருந்து மூலத்துக்கு ஏற வழி உண்டு, மூலத்திலிருந்து ரிப்ளைக்கு இறங்க வழி இல்லை. மூலத்தைத் திருத்தலாம் என்றால் அதற்கு 15 நிமிடம்தான் கெடு. ஆகவே தேடிப் பிடித்து வருகிறவர் கண்ணுக்கு அந்தப் பெட்டி என்றைக்கும் விற்பனைக்கு நிற்கும். 2024இல் ஆண்ட்ராய்டிலும் தேதி வைத்துத் தேடும் வசதி வந்த பிறகு தோண்டுகிறவர்கள் கூடிவிட்டார்கள். தேதியைப் போட்டுத் தேடி எடுத்துவிட்டு அந்தத் தேதியையே பார்க்காமல் ‘இருக்கா?’ என்று கேட்க எப்படித்தான் முடிகிறதோ. விலை கேட்கத் தனியாகப் பதில் அனுப்பும் வழி இருக்கிறது, அதையும் யாரும் தொடுவதில்லை.

துக்கச் செய்தி பற்றி ஒன்றே ஒன்று. போன வருடம் தவறிப்போன ஒருவரின் அறிவிப்புக்கு இந்த வருடம் ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று ஒருவர் தொடங்க, பின்னாலேயே கைகூப்பும் பொம்மைகள் வரிசை கட்டின. அவருடைய மகன் அதே குரூப்பில் இருக்கிறான். அன்றைக்கு எனக்கு வந்த வெப்ராளத்தில் குரூப்பையே கலைத்திருப்பேன்.

இதையெல்லாம் பார்த்துத்தான் இன்னொரு அட்மின், ஒரு மாதத்துக்கு மேல் பழைய மெசேஜுக்கு யாரும் ரிப்ளை போடக்கூடாது என்று சட்டம் கொண்டுவரப் பார்த்தார். பாதிப் பேர் ஆதரித்தார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

தேனீக்காரனுக்குக் காலம் வட்டமாகத்தான் சுற்றுகிறது. ரப்பர் இலை உதிர்ந்து தை, மாசியில் தளிர்க்கும்போது இலைக்காம்பின் நுனியில் தேன் சுரக்கும். நம் ஊர்த் தேனில் பெரும்பங்கு பூவிலிருந்து வருவதில்லை, அந்தக் காம்பிலிருந்துதான். சித்திரையோடு வரத்து நிற்கும். அப்புறம் ரெண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. சர்க்கரைப் பாகு வைத்து ஈயைக் காப்பாற்ற வேண்டும். ஈ குறைந்த பெட்டியில், அடையைத் தின்னும் மெழுகுப் புழு ஏறும். அதனால் போன ஆடியில் கேட்ட கேள்வி இந்த ஆடியில் பழையதே ஆகாது. ஒரு பெட்டியின் விலை ஒரு வாரத்தில் செத்துவிடும், மெழுகுப் புழு சாகாது. ரெண்டுக்கும் ஒரே கெடு வைத்தால் எப்படி?

அந்தச் சட்டம் வந்திருந்தால் ஒரு பாட்டாவின் (தாத்தாவின்) வாய்ஸ் மெசேஜ் எங்களுக்குக் கிடைத்திருக்காது. பல வருடம் முன்பு ஒரு பையன் கேட்டிருந்தான்: புழுக்கள் அறைக்குள்ளேயே நீர் கோத்த பை மாதிரி செத்துக் கிடக்கின்றன, கொஞ்ச நாளில் ஈயெல்லாம் பெட்டியை விட்டுப் போய்விடுகின்றன, என்ன செய்ய? அன்று கிடைத்தது நாலு கட்டைவிரலும் ஒரு ‘எனக்கும் இதே பிரச்சனை’யும். அது தாய் (தாய்லாந்து) சாக் புரூட் வைரஸ், தேனீப் புழுக்களைக் கொல்லும் நோய். 1990களின் தொடக்கத்தில் மார்த்தாண்டம் வட்டாரத்துப் பெட்டிகளைக் காலி செய்த அதே நோய். அந்தக் காலத்தைக் கண்ணால் பார்த்த பாட்டா ஒருவர், பேரன் போன் வாங்கிக் கொடுத்து குரூப்பில் சேர்த்த புதிதில், யாரோ அந்தக் கேள்வியை மறுபடி மேலே இழுத்ததைப் பார்த்து அதற்கே பதில் சொன்னார். “மக்களே, சீக்கு வந்த பெட்டி அடைய (தேனடையை) நல்ல பெட்டில மாத்தி வச்சிராத. ராணிய கொஞ்ச நாளு தனியா அடைச்சு வையி, முட்டை நிக்கும், புழு இல்லன்னா சீக்கும் நிக்கும். தப்பிப் பொழச்ச பெட்டில இருந்து ராணி எடு, அதுக்குத்தான் தெம்பு உண்டு.” பின்னணியில் கோழி கூவியது.

கேட்ட பையன் என்ன பதில் போட்டான் தெரியுமா? ‘பாட்டா, நான் பெட்டிய எல்லாம் வித்துட்டு இப்ப கல்ஃப்ல இருக்கேன்.’ பரவாயில்லை. அந்த வாய்ஸைக் கேட்டு வேலை செய்தவர்கள் குரூப்பில் இருக்கிறார்கள், நானும் அதில் ஒருவன். ஒருவர் மூன்று மாதம் கழித்து அதற்கே ரிப்ளை போட்டு, எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று எழுதினார். பழைய மெசேஜைத் தட்டுகிறவர்களில் இந்த ஜாதி மட்டும் அபூர்வம்.

ஆகவே குலசேகரத்து நண்பருக்கு: தாராளமாகப் பழையதற்கே போடுங்கள். ‘இது ரெண்டு வருடம் முந்தைய கேள்வி’ என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். உங்கள் பெட்டியில் என்ன பார்த்தீர்கள், இதுவரை என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். கேள்வியை வார்த்தையாகவும் திருப்பி எழுதுங்கள், ஏனென்றால் புதிதாகச் சேர்ந்தவர்களின் போனில் மூல மெசேஜ் இல்லை, அவர்கள் கட்டத்தைத் தொட்டாலும் எங்கும் போகாது. சரியானதும் மறக்காமல் வந்து சொல்லுங்கள்.

இந்த ரிப்ளை வசதிக்கு மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு ரெண்டு. இவ்வளவு புகழ்ந்துவிட்டு ரெண்டுதானா என்றால், ஆமாம். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே, போன சித்திரையில் விற்றுத் தீர்ந்த தேன் விளம்பரத்துக்கு ‘கிலோ எவ்வளவு?’ என்று ஒருவர் வந்திருக்கிறார். கேட்டவர், ஒரு மாதச் சட்டம் வேண்டும் என்று சண்டை போட்ட அதே அட்மின்.